ட்ரோன் தாக்குதல் சட்டப்படி சரியா? ஆராயும் முறை

முதலில், அங்கே ஆயுதப் போர் நடந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் மனித உரிமைச் சட்டமே அளவுகோல்: உடனடி உயிராபத்தைத் தடுக்க வேறு வழியில்லாதபோது மட்டுமே கொல்லலாம்.

போர்தான் என்றால், போரில் பொதுமக்களைக் காக்கும் ஒப்பந்தமான 1977 ஜெனீவா கூடுதல் நெறிமுறை 1 சொல்லும் விதிகளே அளவுகோல். குறிவைக்கப்பட்டவர் போராளியா என்ற ஐயம் இருந்தால் அவர் பொதுமக்களில் ஒருவரே (பிரிவு 50). ராணுவப் பலனைவிட மிதமிஞ்சிய பொதுமக்கள் இழப்பு கூடாது (51).

பிணங்களை மட்டும் எண்ணித் தீர்ப்பு சொல்வது பலரும் செய்யும் பிழை. ஆணையிட்டவருக்கு அப்போது என்ன தெரியும், எதைச் சரிபார்த்திருக்க முடியும் என்று கேளுங்கள். பிரிவு 57 அதைத்தான் கோருகிறது.

உதாரணமாக, காபூலில் 2021 ஆகஸ்ட் 29 அன்று, காரில் ஏற்றிய தண்ணீர்க் கேன்களை வெடிபொருள் என்று நம்பி அமெரிக்கப் படை ட்ரோன் தாக்குதல் நடத்தியது. 7 குழந்தைகள் உட்பட 10 பொதுமக்கள் இறந்தார்கள். தவறை ஒப்புக்கொள்ள 19 நாட்கள் ஆயின. அந்த இடைவெளியில் வெளியான அறிக்கைகளையும் கட்டாயம் சேகரியுங்கள்.