சோலார் போடும் முன் ஆர்வி பேட்டரியை அளப்பதில் நேரும் தவறுகள்

அமெரிக்காவில் ஆர்வி (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வாங்கியவர்கள் முதல் கோடையிலேயே கேட்கும் கேள்வி: "கூரையில் எத்தனை வாட் பேனல் போடலாம்?" 200 போதும் என்பார் ஒருவர், 800க்குக் குறைந்தால் வீண் என்பார் இன்னொருவர். இரண்டுமே அவரவர் வண்டிக்குச் சரியாக இருக்கும். உங்கள் வண்டிக்கு விடை வேண்டுமானால் ஓர் எண் தெரிந்தாக வேண்டும்: மின் இணைப்பு இல்லாத இடத்தில் 24 மணி நேரத்தில் பேட்டரியிலிருந்து எத்தனை ஆம்ப்-ஹவர் வெளியே போகிறது? (ஒரு ஆம்ப் கரண்ட் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு ஆம்ப்-ஹவர்.) அதை அளக்கும் கருவிகள் நல்லவையே. எதை, எங்கே, எப்போது அளக்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

வோல்டேஜைப் பார்த்துக் கணக்குப் போடுவது

வண்டியின் உள்சுவரில் நான்கு குட்டி விளக்குகளோடு ஒரு பலகை இருக்குமே, அது காட்டுவது வெறும் வோல்டேஜ். லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.7 வோல்ட் என்றால் நிறைவு, ஏறத்தாழ 12.1 என்றால் பாதி. மொத்த வித்தியாசமே 0.6 வோல்ட்தான். ஃபர்னஸ் (வண்டியைச் சூடாக்கும் ஹீட்டர்) ஓடும்போது 12.1 காட்டிய பேட்டரி, எல்லாவற்றையும் அணைத்துச் சில மணி நேரம் விட்டால் 12.4 காட்டும். சார்ஜரைக் கழற்றிய கையோடு பார்த்தால், பாதி காலியான பேட்டரியும் நிறைந்ததுபோல் நடிக்கும். லித்தியத்தில் நிலைமை இன்னும் மோசம். கொள்ளளவின் பெரும்பகுதி வரை 13.2 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டு, கடைசியில் சடாரென்று விழும்.

கேபிளைக் கவ்விப் பிடித்துக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வாங்குபவர்கள் அது டிசி கரண்ட்டையும் அளக்குமா என்று பார்த்து வாங்க வேண்டும். ஏசிக்கு மட்டுமான மீட்டர் பேட்டரி கேபிளில் பூஜ்யம்தான் காட்டும். சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்ப் துளையில் வண்டியின் முழு லோடையும் (ஓடும் சாதனங்கள் எல்லாம் இழுக்கும் கரண்ட்) விட்டால், பம்ப்பும் ஃபர்னஸும் சேர்ந்து ஓடும் நேரத்தில் உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும். எப்படியும் இவை அந்தக் கணத்து ஓட்டத்தைத்தான் சொல்லும். நாள் முழுதும் கூட்டிக் கணக்கு வைக்க ஷன்ட் உள்ள பேட்டரி மானிட்டர் வேண்டும்.

ஷன்ட்டைச் சுற்றிப் போகும் வயர்

எங்களுக்குத் தெரிந்து அதிகம் நடக்கும் தவறு இதுதான், கண்டுபிடிக்கவும் கடினம். ஷன்ட் என்பது நெகட்டிவ் வழியில் வைக்கும் துல்லியமான சிறு மின்தடை. பரவலாகக் கிடைக்கும் வகையில் 500 ஆம்ப் ஓடினால் அதன் இரு முனைகளுக்கிடையே 50 மில்லிவோல்ட் இருக்கும். தன் வழியாகப் போகாத கரண்ட்டை அதனால் எண்ண முடியாது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையில் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட வயர்கள் இருக்கும்: வண்டிக்குப் போகும் தடித்த கேபிள், சேசிஸ் (வண்டியின் இரும்புச் சட்டம்) இணைப்பு, பின்னால் யாரோ சேர்த்த இன்வெர்ட்டர் கேபிள். ஷன்ட்டின் பேட்டரிப் பக்கத்தில் பேட்டரியிலிருந்து வரும் ஒரு கேபிள் மட்டுமே இருக்க வேண்டும். மற்றவை அத்தனையும், சேசிஸ் உட்பட, லோடு பக்கத்துக்கு மாற வேண்டும். இரண்டு பேட்டரி பேரலலாக இருந்தால் இரண்டின் நெகட்டிவும் ஒன்று சேர்ந்த பிறகுதான் ஷன்ட் வர வேண்டும். இடையில் வைத்தால் ஒரு பேட்டரியின் கணக்கு மட்டுமே வரும்.

சோதிப்பது எளிது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு விளக்கு, பம்ப், விசிறி, இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டபோது மானிட்டரில் எண் அசையவில்லையோ அது சுற்றுவழியில் போகிறது. கரண்ட் வெளியே போகும்போது மைனஸுக்குப் பதில் பிளஸ் காட்டினால் ஷன்ட் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது.

அமைப்புகளில் இரண்டைக் கவனித்தால் போதும். 'ஜீரோ' காலிப்ரேஷனை லோடு ஓடும்போது அழுத்தாதீர்கள். அந்நேரம் 0.5 ஆம்ப் போய்க்கொண்டிருந்தால், அதையே பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு நாளுக்கு 12 ஆம்ப்-ஹவரை விழுங்கிவிடும். அடுத்தது, 'நிறைந்தது' என்று கருதும் வோல்டேஜ். அது சார்ஜரின் அப்சார்ப்ஷன் வோல்டேஜுக்கு (பேட்டரியை நிரப்பி முடிக்கும் கட்டத்தில் சார்ஜர் பிடித்து வைக்கும் வோல்டேஜ்) சற்றே கீழே இருக்க வேண்டும். 13.2 என்று தாழ்வாக வைத்தால், பேட்டரி நிறையும் முன்பே மானிட்டர் 100% என்று சொல்லிவிடும் வாய்ப்பு அதிகம்.

அளக்கும்போது சார்ஜும் ஏறுவது

முகாமின் மின்கம்பத்தில் செருகியபடி பயன்பாட்டை அளப்பதில் பொருளே இல்லை. ஏசியை 12 வோல்ட் டிசியாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர்தான் எல்லா லோடையும் சுமக்கும், மானிட்டரில் ஏறக்குறைய பூஜ்யம் நிற்கும். வண்டியை இழுக்கும் டிரக்கோடு மின் இணைப்புத் தரும் 7-பின் வயரும் இப்படித்தான். அதன் வழியாகச் சார்ஜ் ஏறி உண்மையான செலவை மறைக்கும், அல்லது டிரக்கின் பேட்டரியும் சேர்ந்து வடியும். கழற்றிவிடுங்கள். கேஸிலும் ஏசியிலும் ஓடும் ஃபிரிட்ஜ், பிளக் இருக்கும்வரை ஏசியில்தான் ஓடும். பிளக்கை எடுத்தால்தான் காட்டில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியும்.

முறை இதுதான். மாலையில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து மானிட்டரை 100% ஆக்குங்கள். பிளக்கை உருவிவிட்டு 24 மணி நேரம் வழக்கம்போல் வாழுங்கள். மறுநாள் மாலை, செலவான ஆம்ப்-ஹவரைக் குறித்துக்கொண்டு மீண்டும் சார்ஜில் போடுங்கள். பேட்டரி நிறைந்த பிறகு இன்னொரு நாள், அப்புறம் இன்னொன்று. ஒரே ஓட்டமாக மூன்று நாள் அளக்க ஆசைப்பட்டால், இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரிகள் தரும் 220 ஆம்ப்-ஹவரில் பாதியைத் தாண்டிவிடுவீர்கள். லெட் ஆசிட்டின் ஆயுள் அதில் குறையும்.

ஏசி ஆம்ப்பை அப்படியே எழுதுவது

இன்வெர்ட்டரில் ஓடும் காபி மேக்கர் 120 வோல்ட்டில் 7.5 ஆம்ப், அதாவது 900 வாட். நோட்டில் 7.5 என்று எழுதிவிடுவார்கள். பேட்டரியிலிருந்து போவது, இன்வெர்ட்டர் இழப்போடு சேர்த்து, சுமார் 85 ஆம்ப். பத்து நிமிடத்துக்கு 14 ஆம்ப்-ஹவர். ரைஸ் குக்கரும் இதே ரகம்தான், ஆனால் ஓடுவது அரை மணி நேரம். மிக்ஸியைப் பற்றிக் கவலை வேண்டாம், சட்னி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் சும்மா இருந்தாலும் தின்னும். 1.5 ஆம்ப் என்று வையுங்கள், ஒரு நாளுக்கு 36 ஆம்ப்-ஹவர். பலர் வண்டியில் மிகப் பெரிய லோடு இதுவாகத்தான் இருக்கும். ஸ்விட்சை அணைத்தால் ஒரு பேனலின் விலை மிச்சம். கேஸ் டிடெக்டர், ரேடியோ, ஃபிரிட்ஜின் கண்ட்ரோல் போர்டு போன்றவை சிறியவை, ஆனால் 24 மணி நேரமும் ஓடுபவை. சில மானிட்டர்கள் 0.1 ஆம்ப்புக்குக் குறைந்த ஓட்டத்தைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று கேஸ் டிடெக்டரை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

ஜூன் மாதத்தில் அளந்து ஜனவரியில் போவது

கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வெயிலில் அதிகம் ஓடும். ஃபர்னஸ் குளிரில். ஃபர்னஸின் காற்றாடி 8 ஆம்ப் இழுத்து, பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 40 ஆம்ப்-ஹவர். ஃபிரிட்ஜ் அதிகம் தின்னும் மாதத்தில் சூரியன் தாராளம். ஃபர்னஸ் தின்னும் மாதத்தில் சூரியன் தாழ்ந்து கிடக்கும், பகலும் குறுகல். ஆகவே குளிரில் எடுத்த கணக்குதான் உங்களைக் காப்பாற்றும்.

உதாரணத்துக்கு, ஒரு நாள் செலவு 90 ஆம்ப்-ஹவர் என்று வந்தால் அது ஏறக்குறைய 1,125 வாட்-ஹவர். லெட் ஆசிட்டில் எடுத்ததைவிட அதிகம் திருப்பிப் போட வேண்டும். 20 சதவீதம் கூட்டினால் 1,350. கூரையில் தட்டையாகக் கிடக்கும் 100 வாட் பேனல், அரிசோனாவின் மேகமில்லாத ஜூன் நாளில் தோராயமாக 400 வாட்-ஹவர் தரும். அதே பேனல், ஆர்விகள் குளிர்காலத்தில் குவியும், அதே மாநிலத்தின் குவார்ட்ஸைட் ஊரை ஒட்டிய பாலைவனத்தில், ஜனவரியில் அதில் பாதிதான் தரும். கோடைக்கு 340 வாட்டில் முடியும் வேலை குளிருக்கு 675 வாட் கேட்கும். அவ்வளவுக்குக் கூரையில் இடம் இல்லையென்றால் 400 வாட் போட்டுவிட்டு, மீதிக்குக் காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டலாம். பேட்டரி காலியாக இருக்கும் காலை நேரத்தில்தான் அது அதிக ஆம்ப்பை வாங்கும். கடைசி 20 சதவீதத்தை மெதுவாக நிரப்புவதைப் பேனலுக்கு விட்டுவிடுங்கள்.