ஓடவில்லை என்றால் பயப்படவில்லை என்று அர்த்தமில்லை

ட்ரோனைக் காட்டுக்குக் கொண்டுபோகும் பலர் செய்கிற தவறு இது: விலங்கு ஓடவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அதனால் அதற்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று முடிவுகட்டிவிடுவது. அமெரிக்காவின் மினசோட்டாவில் கருங்கரடிகளின் உடலில் இதயத் துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்தி, மேலே ட்ரோனைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில், பெரும்பாலான நேரம் கரடிகள் இருந்த இடத்தைவிட்டு அசையக்கூட இல்லை, ஆனால் உள்ளே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கரடிக்கு நிமிடத்துக்கு 41 ஆக இருந்த துடிப்பு 162-க்கு எகிறியது. கேமராவில் பார்த்தால் சாதுவாக நிற்கும் கரடிதான் தெரியும்.

பறவைகள் முட்டையிடும் காலத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். கலிஃபோர்னியாவின் போல்சா சிக்கா காப்பகத்தில் ட்ரோனுக்குத் தடை இருந்தும் 2021-ல் யாரோ பறக்கவிட்டார்கள். அது கீழே விழ, ஆயிரக்கணக்கான ஆலாக்கள் (ஒருவகைக் கடற்பறவைகள்) மிரண்டு பறந்துபோய்விட்டன. சுமார் 1,500 முட்டைகள் மணலிலேயே கிடந்து வீணாயின. நினைத்தாலே மனசு ஆறவில்லை.

ஆய்வுக்காகத்தானே செய்கிறோம், அதில் என்ன கெடுதல் என்பதும் தவறுதான். அரசப் பெங்குவின்களை அடையாளம் காண அவற்றின் துடுப்பில் உலோக வளையம் மாட்டுவது வழக்கமாக இருந்தது. 10 ஆண்டுகள் கவனித்த பிறகு, வளையம் மாட்டியவை 39 சதவீதம் குறைவாகவே குஞ்சுகளை ஈன்றது 2011-ல் தெரியவந்தது. அண்டார்டிகாவில் பேரரசப் பெங்குவின் கூட்டங்களைத் தொடாமலே கண்டுபிடித்ததையும் சொல்ல வேண்டும்: பனியில் படிந்த எச்சக் கறையைச் செயற்கைக்கோள் படங்களில் தேடினார்கள், அவ்வளவுதான்.

விண்வெளியிலும் இந்தக் கவனம் வேண்டும். எரிபொருள் தீரும் நிலையில் இருந்த காசினி விண்கலத்தை 2017 செப்டம்பர் 15 அன்று சனிக் கோளுக்குள் விழவைத்து எரித்தார்கள். சனியின் என்சலடஸ் நிலவின் பனிக்கு அடியில் கடல் இருக்கிறது, அங்கே உயிர் இருக்கவும் வாய்ப்புண்டு, அதன்மேல் நம் பூமியின் நுண்ணுயிரோடு கலம் மோதிவிடக் கூடாது என்பதற்காக.

அப்புறம், அரிய பறவையின் கூட்டைப் படமெடுத்தால் இடத்தைப் போடாதீர்கள், ஃபோன் கேமராவில் லொகேஷனையும் அணைத்துவிடுங்கள். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் இபேர்ட் (eBird) தளமே ஆபத்தில் இருக்கும் சில பறவைகளின் சரியான இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைத்துத்தான் வைக்கிறது.