டர்போ இல்லாத எஞ்சின்: கேமும் கம்ப்ரஷனும் ஒத்துப்போக வேண்டும்

தினமும் ஓட்டும் காருக்கு எஞ்சின் கட்டும்போது பலர் முதலில் பெரிய கேம்ஷாஃப்ட்டை (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாக கேம்) வாங்கிவிடுகிறார்கள். பெரிய கேமில் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். குறைந்த ஆர்பிஎம்மில் உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கை, மேலேறும் பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடும். கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற விகிதம், பழையபடியே இருந்தால் ஐடில் நடுங்கும், கீழே இழுவை இருக்காது. கம்ப்ரஷனை மட்டும் ஏற்றி சிறிய கேமை விட்டுவைத்தால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும் சத்தம்) வரும். 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு 10.5:1, கூடவே 260 டிகிரியை ஒட்டிய டியூரேஷன் (கேம் வால்வைத் திறந்து வைத்திருக்கும் கோண அளவு): பெரும்பாலான நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்கு இது நம்பித் தொடங்கக்கூடிய ஜோடி.

கேட்லாக்கில் போட்டிருக்கும் கம்ப்ரஷனை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். 1600 சிசி எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 400 சிசி. 10.5 வேண்டுமென்றால், அதில் 1 கழித்து வகுக்க வேண்டும்: பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே மொத்தம் 400 ÷ 9.5 = 42.1 சிசி இடம்தான் இருக்கலாம். 82 மி.மீ. துளையும் 1 மி.மீ. தடிமனும் உள்ள கேஸ்கெட் 5.3 சிசி எடுத்துக்கொள்ளும். பிஸ்டன் தட்டையாக, பிளாக் மட்டத்துக்கே வந்து நின்றால், ஹெட்டின் அறைக்கு மிச்சம் 36.8 சிசி. பிஸ்டனில் வால்வு பள்ளம் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும்.

ஹெட்டைக் கவிழ்த்து, ரசமட்டம் வைத்துச் சரியாக நிறுத்துங்கள். ஸ்பார்க் பிளக்கை மாட்டி, வால்வு விளிம்புகளில் லேசாக கிரீஸ் தடவி, பியூரெட்டால் 36.8 சிசி மண்ணெண்ணெய் விடுங்கள். திரவ மட்டத்துக்கும் ஹெட் முகத்துக்கும் உள்ள இடைவெளியை டெப்த் கேஜில் அளந்தால், ஃபேசிங்கில் (ஹெட் முகத்தைச் சீவி எடுப்பதில்) எடுக்க வேண்டிய அளவு அதுதான். நான்கு அறைகளையும் அளக்காமல் பட்டறைக்கு அனுப்ப வேண்டாம். ஓவர்ஹெட் கேம் எஞ்சினில் ஹெட் தாழ்ந்தால் கேம் டைமிங் பின்னுக்குப் போகும். அட்ஜஸ்டபிள் கேம் ஸ்ப்ராக்கெட் போட்டு, டிகிரி வீலும் (கிராங்க் சுழலும் கோணத்தைக் காட்டும் வட்டு) டயல் கேஜும் (வால்வு நகர்வை அளக்கும் கருவி) வைத்துத் திருத்துங்கள்.

அடுத்து ஒத்திகைப் பொருத்தல். பிஸ்டன் பின்னின் நேர் மேலே இரு ஓரங்களிலும் 1.5 மி.மீ. சால்டர் துண்டுகளை கிரீஸில் ஒட்டி, பழைய கேஸ்கெட்டுடன் ஹெட்டை முழு டார்க்கில் இறுக்கி கிராங்க்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நசுங்கிய சால்டர் 1 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. 0.8-க்குக் கீழே போனால் உயர் ஆர்பிஎம்மில் பிஸ்டன் ஹெட்டைத் தட்டும், சால்டர் நசுங்காமலே இருந்தால், அதாவது இடைவெளி 1.5-க்கு மேல் போனால், ஸ்க்விஷ் (ஓரத்துக் கலவையைப் பிஸ்டன் நடுவே பிதுக்கித் தள்ளுவது) வேலை செய்யாது, நாக்கிங் சீக்கிரம் வரும்.

வால்வு இடைவெளிக்கு பிஸ்டன் மேல் களிமண் வைத்து, எண்ணெய் தடவி, இரண்டு முழுச் சுற்று. வெட்டிப் பார்த்தால் இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. மிஞ்ச வேண்டும். எக்ஸாஸ்ட்டுக்குக் கூடுதல் ஏனென்றால், மூடும் வால்வைத் துரத்திக்கொண்டு பிஸ்டன் மேலே வருகிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் இரண்டும் மோதும். ஹைட்ராலிக் லிஃப்டர் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பாகம்) இருந்தால் சோதனைக்கு மட்டும் சாலிட் லிஃப்டர் போடுங்கள், இல்லையென்றால் அளவு ஏமாற்றும்.

டியூனிங்கை வைட்பேண்ட் சென்சார் (புகையிலிருந்து காற்று-எரிபொருள் விகிதத்தை அளப்பது) இல்லாமல் தொடங்கவே வேண்டாம். முழு த்ராட்டிலில் காற்று-எரிபொருள் விகிதம் முதலில் 12.5, பிறகு மெதுவாக 13 வரை. ஸ்பார்க் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரம்) வழக்கமான அளவைவிட 5 டிகிரி குறைவாக வைத்துத் தொடங்கி, டைனோவில் (எஞ்சின் டார்க்கை அளக்கும் மேடை) ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். டார்க் கூடுவது நின்றதும் நிறுத்தி, 1 டிகிரி பின்னே வாருங்கள். நாக் சத்தம் கேட்டாலோ, பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளி தெரிந்தாலோ, உடனே 3 டிகிரி குறையுங்கள்.