மூன்று வில்லியம்களில் உங்கள் வில்லியம் யார்? இங்கிலாந்து முன்னோரைத் தேடும் முறை

ஆறு மாதம் நான் வேறு யாருடைய முன்னோரையோ தேடிக்கொண்டிருந்தேன். தோழி ஒருத்திக்காக ஆரம்பித்த வேலை. அவள் ஆங்கிலோ-இந்தியர், பெரம்பூரில் வளர்ந்தவள். அவளுடைய எள்ளுத்தாத்தா ஜான் டெய்லர், மெட்ராஸில் ரயில் ஓட ஆரம்பித்த காலத்தில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கமிருந்து வந்தவர் என்பது வீட்டுக் கதை. ஜானின் அப்பா யார், அவருடைய அப்பா யார் என்று மேலே ஏறியபோதுதான் வழி தவறினேன். எங்கே தவறினேன் என்பதையே படிப்படியாகச் சொல்கிறேன். தோழிக்காகப் பெயர், ஊர், ஆண்டு எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

முதல் படி: தெரிந்ததை எழுதுங்கள், யார் சொன்னது என்பதையும் எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, தெரிந்த ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். ஆதாரம் இருப்பதைப் பேனாவில், மற்றதைப் பென்சிலில்.

எங்களிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, 1868-இல் மெட்ராஸில் நடந்த திருமணப் பதிவு: ஜான் டெய்லர், வயது 24, அப்பா பெயர் வில்லியம். மெட்ராஸ் மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் அந்தக் காலத்தில் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கென்றே இயங்கும் ஃபிபிஸ் என்ற சங்கத்தின் இணையதளத்தில் பெயர்ப் பட்டியலை இலவசமாகத் தேடலாம்.

இன்னொன்று குடும்ப பைபிள். முதல் பக்கத்தில் ஜானின் பிறந்த நாள் 12 மார்ச் 1844, அம்மா பெயர் சாரா. இப்படி ஒன்று கிடைத்தால் முதலில் அந்த பைபிள் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1844-இல் பிறந்தவரின் தேதி 1870-இல் அச்சான பைபிளில் இருந்தால், அது யாரோ பிற்பாடு நினைவிலிருந்து எழுதியது. பொய்யென்று அர்த்தமில்லை, பென்சிலில் எழுத வேண்டியது, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: பிறப்புச் சான்றிதழ்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. ஜான் 1844 என்பதால் நமக்கு வசதி. ஃப்ரீபிஎம்டி என்ற தன்னார்வலர் தளத்தில் அட்டவணையை இலவசமாகத் தேடலாம். ஆனால் பழைய அச்சு அட்டவணையில் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் இருக்கும். ஜிஆர்ஓ எனப்படும் பொதுப் பதிவு அலுவலகத்தின் சொந்தத் தளத்தில் அது 1837-லிருந்தே உண்டு. அங்கே தேடுங்கள், டெய்லர் மாதிரி தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயருக்கு அதுதான் உயிர்.

அட்டவணை மூன்று மாதத்துக்கு ஒன்று, அதுவும் பிறந்த தேதிப்படி இல்லை, பதிவு செய்த தேதிப்படி. பதிவு செய்ய 42 நாள் அவகாசம் இருந்ததால், மார்ச்சில் பிறந்த ஜான், ஏப்ரல் முதல் ஜூன் வரையான ஜூன் காலாண்டில் இருந்தார். மார்ச் காலாண்டில் தேடிவிட்டு ‘காணோம்’ என்று நானே ஒரு நாள் சலித்திருக்கிறேன். 1875-க்கு முன்பு சட்டத்தின் பிடி தளர்வாக இருந்ததால் பதிவாகாமலே போன குழந்தைகளும் உண்டு.

சான்றிதழ் வந்தது. தேதி பைபிளோடு பொருந்தியது, அம்மா சாரா, அப்பா வில்லியம், ஊர் விண்டம். ஜான் பேனாவுக்கு மாறினார்.

மூன்றாம் படி: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

பெயர்வாரியாக நமக்குப் பயன்படும் கணக்கெடுப்புகள் 1841-லிருந்து பத்தாண்டுக்கு ஒன்று, 1921 வரை கிடைக்கின்றன. அதற்கு அடுத்த 1931 ஏடுகள் தீயில் அழிந்தன. 1941-இல் போரினால் கணக்கெடுப்பே இல்லை.

1841-ஐ நம்பும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். ‘25’ என்று இருந்தால் 25 முதல் 29 வரை எதுவாகவும் இருக்கலாம். யார் யாருக்கு என்ன உறவு என்றும் அதில் இல்லை. 1851-லிருந்துதான் உறவும் பிறந்த ஊரும் வருகின்றன.

அந்த உறவுச் சொல்லிலும் ஒரு பொறி. மகளின் கணவனான மருமகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அந்தக் காலத்தில் மனைவியின் முந்தைய திருமணத்துப் பிள்ளைக்கும் வழங்கியது. பத்து வயதுப் பையனை ‘மருமகன்’ என்று எழுதியிருந்தால் பதறாதீர்கள். அம்மா மறுமணம் செய்தவரா என்று தேடுங்கள்.

1851-இல் எங்கள் குடும்பம் சிக்கியது: வில்லியம் டெய்லர், வயது 35, பிறந்தது விண்டம், மனைவி சாரா, மகன் ஜான், 7. ஆக வில்லியம் 1815, 1816 வாக்கில் பிறந்தவர். அரசுப் பதிவுக்கு முந்தைய காலம். இனி தேவாலயம்தான்.

எழுத்தைப் பார்க்காதீர்கள், ஓசையைக் கேளுங்கள்

அதற்கு முன் எழுத்துக்கூட்டல் பற்றி. விண்டம் என்று வாயில் வரும் அந்த ஊரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘வைமாண்ட்ஹாம்’ என்று வரும். வெளியூர் எழுத்தர் காதில் விழுந்தபடிதானே எழுதுவார்? ஆட்களின் பெயருக்கும் அதே கதி. சார்லஸ் டிக்கன்ஸ் 1812-இல் ஞானஸ்நானம் பெற்றபோது அவருடைய நடுப்பெயரான ‘ஹஃபம்’ ஒரு எழுத்து கூடுதலாகத்தான் பதிவானது. உங்கள் ஆளின் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்து, எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையிலும் தேடுங்கள்.

நான்காம் படி: எல்லா வேட்பாளர்களையும் வரிசையில் நிறுத்துங்கள்

இங்கிலாந்தில் தேவாலயப் பதிவேடுகள் 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் உத்தரவால் தொடங்கின. 1813-லிருந்து அச்சடித்த படிவம் வந்துவிட்டது. ஞானஸ்நானப் பதிவில் அப்பாவின் தொழிலும் குடியிருக்கும் ஊரும், அடக்கப் பதிவில் வயதும் எழுத வேண்டும் என்றானது. வில்லியம் அந்தக் கோட்டைத் தாண்டிப் பிறந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

தொடங்குபவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். பொருத்தமான ஒரு பதிவு கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். சொன்ன ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்து ஆண்டு, சுற்றியுள்ள ஊர்களிலும் பாருங்கள். எங்களுக்கு மூன்று வில்லியம் டெய்லர்கள் கிடைத்தார்கள்:

முதலாமவர், விண்டம், 1814.
இரண்டாமவர், விண்டம், 1815, அப்பா தாமஸ், விவசாயக் கூலி.
மூன்றாமவர், ஹெதர்செட், 1816, அப்பா ராபர்ட், வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர்.

நான் இரண்டாமவரைப் பிடித்துக்கொண்டேன். ஊரும் ஆண்டும் பொருந்தின. போதாக்குறைக்கு இணையத்தில் யாரோ போட்டிருந்த வம்ச மரத்திலும் அவரேதான் இருந்தார். அப்படியே தாமஸ், அவருடைய அப்பா, தாத்தா என்று 1690 வரை சரசரவென்று ஏறிவிட்டேன். அந்த மரத்தில் ஒரு ஆதாரம்கூட இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவே இல்லை. அதைப் பார்த்துப் பத்துப் பேர் நகலெடுத்தால் பத்துச் சாட்சி ஆகாது.

ஐந்தாம் படி: உங்கள் ஆளைக் கொல்லப் பாருங்கள்

கேட்கக் கொடூரம்தான். ஒவ்வொரு வேட்பாளரையும் ‘இவர் இல்லை’ என்று நிரூபிக்க முயலுங்கள். முதலில் அடக்கப் பதிவேடு. நம் முதல் வில்லியம் 1815-இல் பத்து மாதக் குழந்தையாக அடக்கம் செய்யப்பட்டிருந்தார். ஒரு குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பதும் அங்கே சகஜம், அதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாமவர்? 1851 கணக்கெடுப்பில் விண்டம் முழுவதையும் மறுபடி தேடினேன். ஊரின் இன்னொரு கோடியில் தாமஸ் டெய்லர் என்ற முதியவர் வீட்டில், கல்யாணமாகாத மகன் வில்லியம், வயது 35. கணக்கெடுப்பு 1851 மார்ச் 30 இரவுக்கானது. ஒரே ஆள் ஒரே இரவில் இரண்டு வீட்டில் படுத்திருக்க முடியாது. என் ஆறு மாத உழைப்பு அந்த ஒரு வரியில் போயிற்று.

சரி, மிச்சம் மூன்றாமவர். அவர்தானா? அவசரப்படாதீர்கள். இருவரை நீக்கினால் மூன்றாமவர் தானாக நிரூபணம் ஆகிவிடமாட்டார். நான்காவதாக ஒருவர் இங்கிலாந்து திருச்சபையில் சேராத பிரிவினரின் பதிவேட்டில் இருக்கலாம், ஞானஸ்நானமே பெறாமலும் இருந்திருக்கலாம். நேரடியாகப் பொருந்தும் ஆதாரம் ஒன்றாவது வேண்டும்.

ஆறாம் படி: திருமணச் சான்றிதழுக்குக் காசு பார்க்காதீர்கள்

நான் பார்த்தேன். சில பவுண்டு மிச்சம் பிடித்தேன், ஆறு மாதம் செலவானது. 1837-க்குப் பிந்தைய திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவரின் அப்பா பெயரும் தொழிலும் இருக்கும். வில்லியம்-சாரா திருமணம் 1840. வயது இருக்க வேண்டிய இடத்தில் ‘முழு வயது’ என்று மட்டும் இருந்தது. அதற்கு 21 நிரம்பியவர் என்பதற்கு மேல் பொருளில்லை. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா: ராபர்ட் டெய்லர், சக்கரத் தச்சர்.

உடனே ஹெதர்செட் பதிவின் மூலப் படத்தைத் திறந்தேன். அதுவரை நான் பார்த்தது யாரோ தட்டச்சு செய்த சுருக்கத்தைத்தான். படத்தில், குடியிருப்பு என்ற கட்டத்தில் ‘விண்டம்’ என்று இருந்தது! பெற்றோர் விண்டத்துக்காரர்கள், குழந்தைக்கு ஞானஸ்நானம் மட்டும் ஹெதர்செட்டில். ஏன்? அம்மாவின் ஊர் அது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. மூத்த குழந்தையை அம்மாவின் ஊர்ப் பதிவேட்டில் தேடுங்கள் என்று அங்கே அனுபவசாலிகள் சொல்வார்கள். 1861 கணக்கெடுப்பில் வில்லியமே தான் பிறந்தது ஹெதர்செட் என்று சொல்லியிருந்தார். பத்தாண்டு முன்பு வளர்ந்த ஊரைச் சொன்னவர், இப்போது பிறந்த ஊரைச் சொல்கிறார். ஒரு கணக்கெடுப்போடு நிற்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சான்றிதழ் நகலில் இருக்கும் கையெழுத்து எழுத்தருடையது. தேவாலயத்து மூல ஏட்டில்தான் மணமக்களும் சாட்சிகளும் போட்ட கையெழுத்தோ பெருக்கல் குறியோ இருக்கும். சாட்சிகளின் பெயரைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள், பலசமயம் அண்ணன் தங்கையாக இருப்பார்கள்.

ஆவணங்கள் முரண்பட்டால்

முரண்பாட்டை மூடி மறைக்காதீர்கள், காரணம் தேடுங்கள். ஷேக்ஸ்பியரையே பாருங்கள். வொர்செஸ்டர் ஆயரின் பதிவேட்டில் 1582 நவம்பர் 27-இல் அவருக்கும் டெம்பிள் கிராஃப்டன் ஊர் ஆன் வேட்லிக்கும் திருமண உரிமம் என்று இருக்கிறது. மறுநாள் தேதியிட்ட ஜாமீன் பத்திரத்தில் மணப்பெண் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊர் ஆன் ஹாத்வே. இதை வைத்து ஒரு முக்கோணக் காதலையே கட்டியவர்கள் உண்டு. ஆனால் அதே நாளில் அந்த எழுத்தர் வேட்லி என்ற பாதிரியாரின் வழக்கு ஒன்றையும் பதிந்திருக்கிறார். காதில் இருந்த பெயர் கைக்கு வந்துவிட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

1752-க்கு முன்னால் போனால் இன்னொரு குழப்பம்: அங்கே ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1721. டிசம்பரில் பிறந்த குழந்தை ‘அதே ஆண்டு’ பிப்ரவரியில் இறந்ததாக இருந்தால் அதில் தவறேதும் இல்லை.

டிஎன்ஏ எடுக்கலாமா?

எடுக்கலாம், காகித வேலை முடிந்த பிறகு. நாலைந்து தலைமுறை வரை நன்றாக உதவும். ராபர்ட்டின் வேறு பிள்ளைகள் வழியில் வந்தவர்களோடு தோழியின் மரபணு பொருந்தினால் நல்ல பலம்தான். ஆனால் அவ்வளவு தூரத்துச் சொந்தத்தில் பொருந்தாமல் போனாலும் உறவில்லை என்று சொல்லிவிட முடியாது. லெஸ்டர் நகரக் கார் நிறுத்துமிடத்தில் 2012-இல் கிடைத்த மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புகளைச் சோதித்தபோது, பெண் வழி மரபணு இன்றைய உறவினர்களோடு பொருந்தியது, ஆண் வழி பொருந்தவில்லை. பிரபுக்களின் வம்ச ஏட்டிலேயே எங்கோ ஓர் அப்பா மாறியிருக்கிறார்.

அப்பா பெயர் காலியாக இருக்கும் பிறப்புப் பதிவுகளுக்கு டிஎன்ஏ தவிர இன்னொரு வழியும் உண்டு. மணமாகாத தாயின் குழந்தைக்கான செலவு ஊர்ப் பொதுப் பணத்தில் விழக்கூடாது என்பதால், அந்தக் காலத்தில் ஊர் நிர்வாகத்தினர் தகப்பன் யாரென்று விசாரித்து அவனிடம் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அந்தக் காகிதங்கள் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. நடுப்பெயராகச் சம்பந்தமில்லாத ஒரு குடும்பப்பெயர் இருந்தாலும் அது அப்பாவின் பெயரா என்று யோசியுங்கள்.

கடைசிப் படி: ஏன் நம்புகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

அரைப் பக்கம் போதும். எந்த ஏடுகளைத் தேடினேன், எதில் ஒன்றும் கிடைக்கவில்லை, யாரை ஏன் நீக்கினேன், மிஞ்சிய முரண் என்ன. தோழிக்கு நான் எழுதிக் கொடுத்ததில் ‘தாமஸ் டெய்லர்: இல்லை’ என்ற வரியும் இருக்கிறது. அவளுடைய பேத்தி நாளைக்கு அதே இணைய மரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாதே.

இப்போது ஜான், வில்லியம், ராபர்ட் மூவரும் பேனாவில். ராபர்ட்டின் அப்பா என்று நான் சந்தேகப்படுகிறவரின் பெயரும் வில்லியம்தான். அதே சுற்றுவட்டாரத்தில் அந்தப் பெயரில் இதுவரை நாலு பேர் கிடைத்திருக்கிறார்கள், நாலு பேரும் பென்சிலில்.