குட்டிகளுக்குக் குடற்புழு மருந்து: புதிதாக ஆடு வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொட்டகையைச் சுத்தமாக வை, தண்ணீர்த் தொட்டியைக் கழுவு என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கமெல்லாம் பத்துப் பதினைந்து செம்மறிக் குட்டிகளை வாங்கித் தொழிலைத் தொடங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஒரு காலத்தில் நாங்கள் செய்ததையே அவர்களும் அப்படியே செய்கிறார்கள். குட்டி செத்த பிறகு போன் வருகிறது. அதற்கு முன்னால் கேட்டிருந்தால் பாதி குட்டிகளாவது பிழைத்திருக்கும்.

கழிச்சல் வரட்டும் என்று காத்திருப்பது

புழு என்றால் கழிச்சல் வரும் என்று நினைக்கிறார்கள். மழைக்காலத்தில் நம் குட்டிகளுக்கு முதல் எதிரி ஹீமாங்கஸ் என்கிற உருண்டைப் புழு. நான்காவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி என்று கணக்கு. கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும், ஆனால் ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி போகிறது, பத்து கிலோ குட்டியின் உடம்பில் மொத்த ரத்தமே முக்கால் லிட்டர்தான் இருக்கும். இதில் பெரும்பாலும் கழிச்சலே இருக்காது. புழுக்கை நன்றாகவே விழும், குட்டி பார்க்கக் கொழுகொழுவென்றுகூட இருக்கும், மந்தையில் பின்தங்கும், அப்புறம் ஒரு நாள் விழுந்துவிடும்.

அதனால் கண்ணைப் பாருங்கள். குட்டியை வெயில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மேல் இமையைக் கட்டை விரலால் லேசாக அழுத்தி, கீழ் இமையை இழுத்தால் உள்சதை தெரியும். நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை, வெளிர் ரோஜா நிறம் என்றால் ரத்தம் குறைகிறது, வெள்ளை வெளேரென்று இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறங்கள் போட்ட ஃபமாச்சா அட்டையை உருவாக்கினார்கள். மாலையில் மேய்ந்து வரும்போது தாடைக்குக் கீழே நீர் கோத்த வீக்கம் தெரிந்து காலையில் வடிந்திருந்தால், சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தலை குனிந்து மேயும்போது நீர் இறங்குகிறது, அவ்வளவுதான். நோய் அப்படியே இருக்கிறது.

குத்துமதிப்பாக மருந்து ஊற்றுவது

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு தம்பி. சுறுசுறுப்பானவன், தீவனத்தில் குறை வைக்காதவன். மாதாமாதம் பூச்சி மருந்து (குடற்புழு மருந்துதான்) கொடுக்கிறேன், இருந்தும் குட்டி சாகிறது, கடைக்காரன் போலி மருந்து கொடுத்துவிட்டான் என்றான். எப்படிக் கொடுக்கிறாய் என்று கேட்டேன். "குட்டிக்கு மூணு மில்லிண்ணா, எல்லாத்துக்கும் ஒரே அளவு." பட்டியில் போய்ப் பார்த்தால் எட்டு கிலோ குட்டியும் இருக்கிறது, பதினெட்டு கிலோ குட்டியும் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். தம்பி கொடுத்த 2.5 சதவீத அல்பெண்டசோல் கரைசலில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம் மருந்து. கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்று வைத்தால் பத்து கிலோ குட்டிக்கு 3 மில்லி சரி. அதே 3 மில்லி பதினெட்டு கிலோ குட்டிக்குப் போனால் கிலோவுக்கு 4 மில்லிகிராமைச் சற்றுத் தாண்டும், பாதிக்குக் கொஞ்சம் மேல். அந்த அளவில் நோஞ்சான் புழு சாகும், மருந்தைத் தாங்குகிற புழு பிழைக்கும். பிழைத்த ஒவ்வொரு பெட்டைப் புழுவும் தினமும் ஆயிரக்கணக்கில் முட்டை போடும், அது புழுக்கை வழியாக நம் மேய்ச்சல் நிலத்திலேயே விழும். இதையே மாதாமாதம் செய்தால் மருந்துக்கு அசையாத புழுவை நாமே பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம். அந்தப் புழு நம் பட்டியோடு நிற்காது, புறம்போக்கில் மேய்கிற பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் போகும். எனக்குக் கோபம் வருவது அதற்குத்தான்.

தம்பி அடுத்து என்ன செய்தான்? மருந்தை மாற்றுகிறேன் என்று ஃபென்பெண்டசோல் வாங்கி வந்தான். இரண்டும் ஒரே வகை மருந்து. ஒன்றுக்குச் சாகாத புழு மற்றதற்கும் பெரும்பாலும் சாகாது. மாற்றுவது என்றால் லெவாமிசோல், ஐவர்மெக்டின், குளோசன்டெல் என்று வேறு வகைக்குப் போக வேண்டும், அதையும் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் லெவாமிசோல் அளவு மீறினால் ஆபத்து.

ஒரு தொங்கு தராசு வாங்குங்கள். குட்டியைச் சாக்கில் உட்காரவைத்து மாட்டினால் எடை தெரிந்துவிடும். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் தங்கியிருக்கும். மூடியால் ஊற்றாமல் ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாய் ஓரமாக நாக்கின் பின்பக்கத்தில் மெதுவாக விடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்தால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். மருந்து கொடுத்து 10 முதல் 14 நாளுக்குள் புழுக்கையை எடுத்துக்கொண்டு போய் முட்டை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், மருந்து கொடுக்கும் முன்னால் எண்ணியதோடு ஒப்பிட்டு 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் சரியாக வேலை செய்யவில்லை. வேலூரில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது, உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேட்டாலே வழி சொல்வார்கள். தரையில் கிடக்கும் காய்ந்த புழுக்கை வேண்டாம், ஆசனவாயிலிருந்து நேராக எடுத்தது வேண்டும்.

கண் சிவப்பாக, திடமாக இருக்கிற பெரிய ஆடுகளுக்கு எல்லாம் சேர்த்து ஊற்ற வேண்டிய அவசியமும் இல்லை. மருந்து படாத புழு கொஞ்சம் நிலத்தில் இருந்தால்தான் தாங்குகிற புழு பெருகுவது தள்ளிப்போகும்.

வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் ஒரே அளவு

கூடாது. வெள்ளாடு மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும், அதற்கு அளவு அதிகம்.

ரத்தக் கழிச்சலுக்குப் பூச்சி மருந்து

ஒன்று முதல் மூன்று மாதக் குட்டி முக்கி முக்கி ரத்தமாகக் கழிந்தால் பெரும்பாலும் அது காக்சிடியா என்கிற ஓரணு ஒட்டுண்ணி, புழு இல்லை. பூச்சி மருந்து கேட்காது. மருத்துவரிடம் போங்கள்.

ஏரி வற்றும்போது உள்வாயில் மேய்ப்பது

தண்ணீர் இறங்க இறங்கப் பச்சைப்புல் முளைக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். அங்கேதான் நத்தை இருக்கிறது, நத்தையிலிருந்து வெளியேறுகிற தட்டைப்புழுக் குஞ்சு புல்லில் ஒட்டியிருக்கிறது. குட்டி நாற்றமடிக்கத் தண்ணீராகக் கழியும். குஞ்சுப் புழு முட்டை போடாது என்பதால் சோதனையில் ஒன்றும் தெரியாமலே போகலாம், அதனால் எங்கே மேய்த்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அல்பெண்டசோலை இதற்கு நம்பக் கூடாது, ஆக்ஸிகுளோசனைடு போன்றது வேண்டும்.

சினை ஆடு

சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் வேண்டாம்.

சந்தை ஆட்டை நேராகப் பட்டியில் விடுவது

ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமை சந்தையில் வாங்கி, அன்று மாலையே மற்ற ஆடுகளோடு ஓட்டிவிடுகிறார்கள். அந்த ஆடு எந்த மருந்தைத் தாங்குகிற புழுவைச் சுமந்து வந்திருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. மூன்று வாரம் தனியாக, புல் இல்லாத தரையில் கட்டித் தீவனம் போடுங்கள். எடை பார்த்து மருந்து கொடுத்து, இரண்டாவது வாரம் புழுக்கையைச் சோதித்து, முட்டை இல்லை என்று சொன்ன பிறகு மேய்ச்சலுக்கு விடுங்கள். இடம் இல்லை என்பவர்கள் வாசலில் ஒரு முளைக்குச்சி அடித்தாவது கட்டுங்கள்.