டிகாக்ஷனும் ரம்மும் அச்சு வெல்லமும்: வீட்டில் காபி காக்டெயில் செய்யும் முறை

காபி காக்டெயில் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது எஸ்பிரெசோ மார்ட்டினி. 1980-களில் லண்டனில் டிக் பிராட்செல் என்ற மதுக்கலவைக் கலைஞர் வோட்கா, எஸ்பிரெசோ, காபி லிக்கர் எனப்படும் காபிச் சுவையுள்ள இனிப்பு மது, சர்க்கரைப் பாகு ஆகியவற்றைக் குலுக்கிக் கொடுத்ததிலிருந்து அது உலகமெங்கும் பரவியது. அந்தச் செய்முறையைக் கும்பகோணத்து வீட்டில் அப்படியே செய்ய முற்பட்டால் முதலிலேயே தடை வரும். எஸ்பிரெசோ இயந்திரம் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இல்லை, காபி லிக்கரும் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. ஆனால் அடுப்பங்கரையில் பித்தளையிலோ எவர்சில்வரிலோ ஒரு ஃபில்டர் இருக்கிறது, அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வெல்லம் இருக்கிறது. இவை இரண்டையும் முதன்மையாக வைத்துக்கொண்டு, வோட்காவின் இடத்தில் கருமை நிற ரம்மைச் சேர்த்தால், மூலச் செய்முறையைவிட நம் நாக்குக்கு நெருக்கமான பானம் கிடைக்கும் என்பது பலமுறை செய்து பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு. கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் வெல்லம். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்தால் ரம். ஒரே பயிரிலிருந்து வந்த இவை இரண்டும் சேரும்போது, தனியாகக் காபி லிக்கர் வேண்டியிருப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை டிகாக்ஷன் என்பதால் அதில்தான் அதிகக் கவனம் தேவை. அரைவைக் கடையில் பீபெரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு வகைக் காபிக்கொட்டைகளையும் பாதிக்குப் பாதி வறுத்து அரைக்கச் சொல்லி, சிக்கரியை நூற்றுக்கு 15 அல்லது 20 பங்குக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். சிக்கரி என்பது வறுத்த வேர். அதில் கஃபீன் கிடையாது. காபித்தூளைவிட அதிலிருந்து நீரில் கரைந்து இறங்கும் பொருள் அதிகம் என்பதால் டிகாக்ஷனுக்கு நிறமும் அடர்த்தியும் தருகிறது. பாலில் கலக்கும் காபிக்கு 30, 40 பங்கு சிக்கரி போடும் வீடுகள் உண்டு. அந்தத் தூளை இங்கே பயன்படுத்தினால், பால் இல்லாத குளிர்ந்த பானத்தில் சிக்கரியின் தீய்ந்த இனிப்பு மேலோங்கி நிற்கும். சிக்கரியே இல்லாத தூளும் எனக்கு உவப்பாக இல்லை, ஏனென்றால் ரம்மின் கனத்துக்கு ஈடுகொடுக்காமல் அது மெலிந்துவிடுகிறது.

இரண்டு பேருக்கு 30 கிராம் தூளும் 150 மில்லி வெந்நீரும் போதும். தூள் தன் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீரைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும் என்பதால், கீழே இறங்குவது 90 மில்லி அளவில் இருக்கும். மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு, பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டிச் சமப்படுத்தி, குடை போன்ற தட்டை மேலே வைத்து மென்மையாக அழுத்தினால் போதுமானது. கொதித்து அடங்கிய நீரை முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் வட்டமாக ஊற்றி, தூள் உப்பி வரும்வரை அரை நிமிடம் விட்டு, பிறகு மீதியை ஊற்றி மூடிவிடுங்கள். இறங்கத் தாமதமாகிறதே என்று பாத்திரத்தைத் தட்டினால், நுண்தூள் துளைகளில் போய் அடைத்துக்கொண்டு இன்னும் தாமதமாகும். எங்கள் அத்தை ஃபில்டரை மூடியபின் அந்தப் பக்கமே யாரையும் போகவிட மாட்டார். காதைப் பக்கத்தில் வைத்தால் முதலில் சடசடவென்றும் பிறகு ஒன்று, ஒன்று என விட்டுவிட்டும் கேட்கும் சொட்டுச் சத்தத்தை வைத்தே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். முதல் டிகாக்ஷன் மட்டுமே இதற்கு ஏற்றது. இரண்டாம் முறை ஊற்றி இறக்குவது மணமின்றிக் கசப்பை மட்டும் கொண்டுவரும்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பேறியிருப்பதால், ஆழ்துளைக் குழாய் நீரில் டிகாக்ஷன் போட்டால் காபியின் மணம் எழும்பவே எழும்பாது. அங்கிருப்பவர்கள் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரையே டிகாக்ஷனுக்கும் ஐஸ் கட்டிக்கும் பயன்படுத்துவது நல்லது. குலுக்கும்போது உருகும் ஐஸ் பானத்தில் ஏறக்குறைய கால் பங்கு நீராகச் சேர்கிறது. அந்த நீர் எப்படியோ பானமும் அப்படித்தான்.

பாகுக்கு 100 கிராம் வெல்லத்தைப் பொடித்து 60 மில்லி நீரில் கரைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி, மண்ணும் சக்கையும் போக மெல்லிய துணியில் வடிகட்டி ஆறவிடுங்கள். பாபநாசம் வட்டத்தில் கணபதி அக்ரஹாரத்துப் பக்கம் பொங்கலுக்கு முன் காய்ச்சும் அச்சு வெல்லம் கிடைத்தால் அதற்கு இணையில்லை. பளிச்சென்ற மஞ்சள் நிற வெல்லத்தைத் தவிர்த்துவிட்டு, பழுப்பேறியதையே தேர்ந்தெடுங்கள். காபிக்கு அந்த ஆழமான சுவைதான் வேண்டும். கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சக் கூடாது, குளிர்ந்ததும் ஐஸில் ஒட்டிக் கெட்டியாகிவிடும்.

இனி நுரை. எஸ்பிரெசோ இயந்திரம் அழுத்தத்தில் இறக்குவதால் அந்தக் காபியின் மேல் இயல்பாகவே ஒரு நுரைப் படலம் நிற்கும். நம் ஃபில்டரில் நீர் தன் எடையாலேயே இறங்குவதால், டிகாக்ஷனை எவ்வளவு குலுக்கினாலும் நுரை சிறிது நேரத்தில் அடங்கிவிடும். பச்சை முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்ப்பது மதுக்கூட வழக்கம். நம் வெயிலில், எத்தனை நாள் வெளியில் இருந்தது என்று தெரியாத முட்டையைப் பச்சையாகக் குடிக்கக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு மாற்று நம் வீட்டிலேயே இருக்கிறது. நவராத்திரிச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்தபின் கீழே கொட்டுகிறோமே, அந்த நீரில் கடலையிலிருந்து இறங்கிய புரதமும் நுரை எழுப்பும் சப்போனினும் இருக்கின்றன. உப்புப் போடாமல் வெள்ளைக் கொண்டைக்கடலையை வேகவைத்து, வடித்த நீரைப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, குளிர்பெட்டியில் வையுங்கள். விரலில் தொட்டால் லேசாக வழவழப்பு தெரியும் பதத்தில் அது தயார். குலுக்கியபின் கடலை வாசம் தெரிவதில்லை, காபி அதை மூடிவிடுகிறது.

ஒரு கோப்பைக்கு ரம் 45 மில்லி, ஆறிய டிகாக்ஷன் 40 மில்லி, வெல்லப் பாகு 15 மில்லி, கொண்டைக்கடலை நீர் 20 மில்லி, இரண்டு விரல் நுனியால் எடுத்த உப்பு. உப்பு கசப்பைத் தணிக்கத்தான். அது நாக்குக்குத் தெரியக் கூடாது. அளவுக்கென்று தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை, இருமல் மருந்துடன் வரும் கோடு போட்ட மூடியைக் கழுவி வைத்துக்கொண்டால் துல்லியமாக அளக்கலாம். குலுக்குவதற்கு வாய் அகன்ற, மூடி இறுகும் எவர்சில்வர் பாட்டில் போதும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் மட்டும் குலுக்க வேண்டாம், ஏனெனில் காபியின் புளிப்பு பித்தளையோடு சேரக் கூடாது.

முதலில் ஐஸ் போடாமல் எல்லாவற்றையும் பாட்டிலில் ஊற்றிப் பத்து விநாடி வேகமாகக் குலுக்குங்கள். நுரை இப்போதுதான் கட்டும். பிறகு உறைபெட்டியிலிருந்து அப்போதே எடுத்த ஐஸ் கட்டிகளை ஆறேழு போட்டு மூடி, இரண்டு கைகளாலும் பிடித்து, வெளிப்புறம் வியர்த்து விரல் வலிக்கும் அளவுக்குச் சில்லிடும்வரை, அதாவது ஏறக்குறைய 15 விநாடி, குலுக்க வேண்டும். மே மாத வெயிலில் தட்டில் எடுத்து வைத்த ஐஸ் இரண்டு நிமிடத்தில் நீர் கோத்துவிடுகிறது. அந்த ஈர ஐஸைப் போட்டால் பானம் குளிர்வதற்கு முன்பே நீர்த்துவிடும். குலுக்கியபின் உள்ளே காற்று குளிர்ந்து சுருங்குவதால் மூடி இறுகிக்கொள்ளும். அதை இழுத்துப் போராடாமல், மூடிக்குக் கீழே பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் விட்டுக்கொடுக்கும். முன்பே உறைபெட்டியில் பத்து நிமிடம் வைத்த கண்ணாடிக் கோப்பையில் தேநீர் வடிகட்டி வழியாக ஊற்றுங்கள். ஊற்றியவுடன் முழுவதும் பழுப்பாகக் கலங்கித் தெரியும். அரை நிமிடம் பொறுத்தால் நுரை மேலே ஏறி, கீழே கருமை தெளிந்து, இரண்டாகப் பிரியும். அதன் நடுவில் மூன்று காபிக்கொட்டைகளை வைப்பது எஸ்பிரெசோ மார்ட்டினியின் மரபு. எனக்கு அதைவிட, விரலால் கசக்கித் தூவிய ஓர் ஏலக்காயின் விதைகளே பிடித்திருக்கின்றன.

முதல் தடவை நான் செய்தபோது, விருந்தினர் காத்திருக்கிறார்களே என்ற அவசரத்தில் சுடச்சுட டிகாக்ஷனை ஐஸின் மேல் ஊற்றினேன். ஐஸ் பாதிக்கு மேல் கரைந்து, கோப்பையில் வந்தது காபி வாசமுள்ள இனிப்பு நீர். டிகாக்ஷன் இறங்கியதும் பாத்திரத்தைத் தண்ணீர் நிரம்பிய தட்டில் கால் மணி நேரம் நிற்கவைத்தாலே சூடு தணிந்துவிடும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். அதற்காக முதல்நாள் இரவே போட்டு வைப்பதும் சரியில்லை. இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்தினால்தான் மணம் இருக்கும்.

மது அருந்தாதவர்களுக்கு ரம்மை மட்டும் நீக்கிவிட்டு இதையே கொடுப்பதைவிட, இளநீரில் வேறொரு பானம் செய்து கொடுப்பதே மரியாதை. உயரமான டம்ளரில் ஐஸ் நிரப்பி, குளிர்ந்த இளநீர் 120 மில்லி ஊற்றி, ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் டிகாக்ஷன் 40 மில்லியை மெல்ல வழியவிட்டால் அது மேலேயே கருநிறப் படலமாக நிற்கும். பாகு தேவைப்படாது, வழுக்கை பிடிக்கத் தொடங்கிய இளநீரில் போதிய இனிப்பு இருக்கிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னை இளநீர் இதற்கு மிகவும் பொருந்துகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தத் தோப்புகளைச் சாய்த்த பிறகு வைத்த கன்றுகள் வளர்ந்து காய்ப்பதைக் காணும்போது, இந்தப் பானத்தை ஊற்றவே ஒரு தனி மகிழ்ச்சி.

மது சேர்ந்ததைப் பரிமாறுபவர் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். வீட்டு விருந்திலும் அதே வரம்பைக் கடைப்பிடியுங்கள். அடுத்து, காபி மயக்கத்தை மறைக்குமே தவிர, இரத்தத்தில் ஏறிய மதுவைக் குறைக்காது. தெளிவாக இருப்பதாகத் தோன்றும் நிலையிலேயே வண்டியை எடுக்கும் ஆபத்து இதில் மற்ற பானங்களைவிட அதிகம் என்பதால், சாவியை வாங்கி வைத்துக்கொண்ட பிறகே கோப்பையை நீட்டுவது என் வழக்கம். கஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்கு மேல் இதைத் தொடங்க வேண்டாம்.

மிஞ்சிய வெல்லப் பாகைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். கொண்டைக்கடலை நீர் மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால், அடுத்த முறை ஒரு கட்டியை உருகவிட்டு ஒரு கோப்பைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.