சென்னை டு பாண்டி: முதல் நிதிதிரட்டு சைக்கிள் பயணத்துக்குத் தயாராவது எப்படி

போன ஜனவரியில் ஒரு தொண்டு அமைப்புக்கு நிதி திரட்டுவதற்காக ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகப் பாண்டிச்சேரி வரை சைக்கிளில் போனேன். சுமார் 150 கிலோமீட்டர். பெயர் கொடுத்த நாளில் என்னுடைய அதிகபட்ச தூரம் வேளச்சேரியிலிருந்து கோவளம் போய்த் திரும்பியதுதான், அன்றைக்கும் வீட்டுக்கு வந்ததும் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து தூங்கிவிட்டேன். "கால் தாங்குமா?" என்று எல்லோரும் கேட்டதால் மூன்று மாதமும் காலுக்கே பயிற்சி கொடுத்தேன். பயணத்தன்று கால்களைத் தவிர மற்ற எல்லாம் படுத்தியது. அதனால் இந்தப் பதிவில் கால்களைப் பற்றிக் குறைவாகத்தான் இருக்கும்.

சைக்கிள் ஓட்டத் தெரியும், கியர் மாற்றத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஹெல்மெட் போட வேண்டும் என்பதையும் சொல்லப்போவதில்லை.

முதலில் சீட்டு

புது சைக்கிள் வாங்க வேண்டாம். கியர் உள்ள ஹைபிரிட் (ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுத்தரமானது) போதும், நான் போனதும் அதில்தான். ஆனால் சீட்டின் உயரத்தைச் சரிசெய்யாமல் ஒரு கிலோமீட்டர்கூட பயிற்சி எடுக்காதீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் அப்போதுதான் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் உங்கள் உயரம். ஓட்டிப் பார்த்த பிறகு முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்வாக இருக்கும், பின்பக்கம் இழுத்தால் உயரமாக இருக்கும்.

சீட்டுக்கு மேல் மாட்டும் ஜெல் உறையை நான் வாங்கி வீணாக்கினேன், நீங்களும் வாங்காதீர்கள். பத்து கிலோமீட்டர் வரை மெத்தை மாதிரி இருக்கும், அப்புறம் அது நகர்ந்து நகர்ந்து தொடையை உரச ஆரம்பிக்கும். அந்தக் காசுக்குப் பஞ்சு வைத்த சைக்கிள் டவுசர் நல்லதாக ஒன்று வாங்குங்கள். அதற்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நானும் ஒரு மாதம் போட்டுக்கொண்டு ஓட்டிவிட்டு ஏன் புண்ணாகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உரசும் இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வாரம்

வாரநாட்களில் இரண்டு நாள் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். ஞாயிறு தூரத்தை 30 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஐந்து, பத்து என்று ஏற்றுங்கள், நாலாவது வாரம் குறைத்து ஓய்வு கொடுங்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு 100 வரை போயிருந்தால் போதும், 150 தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. கடைசி வாரம் சும்மா இருங்கள். பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா, அதுதான் சரியான வேகம். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் ஓட்டமே ஏழரை மணி நேரம், நிறுத்தங்களோடு ஒன்பதரை. காலை 4 மணிக்குக் கிளம்பினால் மதியம் 1:30. முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம்.

ஈசிஆர் சமதளம்தானே என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஏறியவனுக்கு இறங்கும்போதாவது ஓய்வு கிடைக்கும், இங்கே இறக்கமே இல்லாததால் எட்டு மணி நேரமும் ஒரே நிலையில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். கை மரத்துப்போகும், உட்காரும் இடம் கொதிக்கும். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று இருபது மிதி மிதியுங்கள், பயிற்சியிலேயே இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கவிஞர்களுக்குத் தென்றல் இனிமை, வாடை கொடுமை. பாண்டிக்கு மிதிப்பவனுக்கு நேர்மாறு. ஜனவரியில் வடகிழக்கிலிருந்து வரும் வாடை பின்னாலிருந்து தள்ளிவிடும். மார்ச்சுக்கு மேல் தெற்கிலிருந்து வரும் காற்று நேராக முகத்தில் அடிக்கும். தேதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் பொங்கலை ஒட்டிப் போங்கள்.

பஞ்சர்: என்னை உட்கார வைத்த இடம்

டியூப் மாற்ற எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டு ஹாலில் ஃபேனுக்குக் கீழே இரண்டு முறை மாற்றிப் பார்த்தாயிற்று. கடப்பாக்கம் தாண்டி, மரக்காணம் உப்பளங்களுக்குச் சற்று முன்னால் பின்சக்கரம் உட்கார்ந்தது. இறங்கி, 25 நிமிடத்தில் புது டியூப் போட்டு, பெருமையாகக் கிளம்பினேன். மூன்று கிலோமீட்டரில் மறுபடி உட்கார்ந்தது. கையில் மிச்சம் ஒரே டியூப். அதைப் போடுவதற்குள், டீக்கடையில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, டயருக்குள்ள பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. டயரில் சீமைக்கருவேல முள்ளின் நுனி, அரிசிமணி அளவுகூட இல்லை, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாமல் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. புது டியூபை நானே அதன்மேல் வைத்து ஊதியிருக்கிறேன்.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். பின்சக்கரம் என்றால் கழற்றுவதற்கு முன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். டயரின் ஒரு ஓரத்தை மட்டும் டயர் நெம்பும் லீவரால் எடுத்து டியூபை உருவுங்கள். அதில் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் டயர் மாட்டும்போதே டயரின் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டியிருந்தால், டியூபை டயர்மேல் அதே நிலையில் வைத்துப் பார்க்கலாம், ஓட்டைக்கு நேரே டயரில் முள் இருக்கும். டியூபை எந்தப் பக்கம் திருப்பி எடுத்தோம் என்பது மறந்திருந்தால் வால்விலிருந்து அதே தூரத்தில் இருபக்கமும் தேடுங்கள். பிறகு ஒரு பழைய துணியை டயரின் உள்பக்கம் முழுச்சுற்று இழுங்கள், முள் இருந்தால் துணி மாட்டும். விரலால் தடவாதீர்கள், கம்பித் துண்டாக இருந்தால் ரத்தம்தான். முள்ளைப் பிடுங்க நகவெட்டி போதும். ஒன்று கிடைத்துவிட்டது என்று நிறுத்தாமல் இன்னொரு சுற்றும் இழுத்துப் பாருங்கள், கருவேலம் தனியாக வராது.

புது டியூபுக்கு வடிவம் வரும் அளவு கொஞ்சம் காற்றடித்து உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் சிக்கிக் கிழியும். கடைசிப் பகுதியை லீவரால் நெம்பாமல் கட்டைவிரலால் தள்ளுங்கள். கை வலிக்கும், ஆனால் டியூப் பிழைக்கும்.

இன்னொன்று. உங்கள் டியூபில் ஒல்லி வால்வு, அதாவது பிரெஸ்டா இருந்தால், சாலையோர பஞ்சர் கடைக் குழாய் அதற்குப் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி இன்றே வால்வில் திருகிவிடுங்கள். கேஸ் குப்பியில் காற்றடிக்கும் கருவியைச் சிலர் புகழ்வார்கள், எனக்கு நம்பிக்கையில்லை. குப்பி தீர்ந்தால் தீர்ந்ததுதான். கையால் அடிக்கும் சின்ன பம்ப், இரண்டு டியூப், இரண்டு லீவர், ஒட்டுப்பட்டி, துணி, நகவெட்டி: பையில் இவ்வளவு போதும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், புழுதியெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

வயிறு

மாமல்லபுரத்தில் நிறுத்தி வெண்பொங்கலும் இரண்டு வடையும் சாப்பிட்டேன். நெய் மிதந்தது. அடுத்த 20 கிலோமீட்டர் தூக்கக்கலக்கத்தில் எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. கிளம்பும்போது இரண்டு இட்லி போதும், அப்புறம் பசிக்கும் முன்பே அரைமணிக்கு ஒருமுறை அரை வாழைப்பழமோ ஒரு கடலைமிட்டாயோ. ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் தண்ணீர். ஓஆர்எஸ் பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுப்பொட்டலத்தையும் கலக்குங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தைச் சின்ன பாட்டிலில் கொட்டி, உப்பு கரிக்கிறது என்று துப்பியவர் எங்கள் குழுவிலேயே இருந்தார். பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அன்று சாப்பிடாதீர்கள்.

பணம் கேட்பது

150 கிலோமீட்டரைவிட எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், பன்னிரண்டு பேர் கும்பிடும் கை பொம்மை அனுப்பினார்கள், பணம் ஒருவரும் அனுப்பவில்லை. அப்புறம் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதினேன்: "கிலோமீட்டருக்கு 10 ரூபாய், பாண்டி வரை போய்ச் சேர்ந்தால் 1,500, பாதியில் விழுந்தால் பாதி." சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள், என் அத்தை முழுசையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு "விழாம போ" என்றார். வரிவிலக்கு ரசீது உண்டா என்று அமைப்பிடம் முதலிலேயே கேட்டு வையுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த விலக்கு கிடையாது, வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு டியூப் மாற்றிப் பழகிய ஒருவர், சக்கரத்தை மறுபடி மாட்டினால் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். அவருடையது ஆயில் டிஸ்க் பிரேக். சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கைப் பிடித்திருக்கிறார், டிஸ்க்கை இருபக்கமும் கவ்வும் இரண்டு பேடும் ஒட்டிக்கொண்டுவிட்டன. தட்டையான பிளாஸ்டிக் லீவரை நடுவில் விட்டு மெதுவாக நெம்பினால் விலகும். சக்கரத்தைக் கழற்றியதும் மடித்த அட்டைத் துண்டை அந்த இடைவெளியில் செருகி வைத்துவிட்டால் இந்த வேலையே வராது. என் சைக்கிளில் ரிம் பிரேக் என்பதால் எனக்கு இது தோன்றவில்லை.